டிராக்டர் குடைசாய்ந்தால் ஓட்டுபவரைக் காப்பாற்றுவது எது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறார். வண்டி பழசு, அதில் ரோல் பார் (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம்) கிடையாது. நிலம் சரிவானது, ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால். "சாயுற மாதிரி இருந்தா குதிச்சிடுவேன், பெல்ட்டைப் போட்டாத்தான் உள்ளே மாட்டிப்பேன்" என்கிறார் அவர். இதில் நியாயம் இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் சொல்லி இரும்புக் குழாயில் ஒரு சட்டகம் செய்து மாட்டிக்கொள்ளலாமா?

இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் "இல்லை" என்று மட்டும் சொன்னால் முப்பது வருட அனுபவசாலி கேட்க மாட்டார், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. பாரம் இழுக்கும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கினால், வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழ ஏறத்தாழ ஒன்றரை விநாடி போதும். அதிலும் முதல் முக்கால் விநாடிக்குள் கிளட்சை மிதித்தாக வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் வண்டி தன் எடையாலேயே பின்னால் போய்விடும், இன்ஜினை அணைத்தாலும் நிற்காது. மனிதருக்கோ, ஏதோ தப்பாகிறது என்று கண்ணில் பட்டு, புத்திக்கு எட்டி, கால் நகர்வதற்கே கிட்டத்தட்ட அதே முக்கால் விநாடி ஆகிவிடும். குதிப்பதென்றால் அதற்கு மேலும் வேண்டும்: ஸ்டியரிங்கை விட வேண்டும், எழ வேண்டும், கியர் லீவர்களைத் தாண்டிக் காலை எடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவருக்குக் கை வேகமாக இருக்கலாம். ஆனால் இது கை வேகத்துக்குள் அடங்குகிற நேரமே இல்லை.

பக்கவாட்டில் சாய்வதுதான் அதிகம் நடக்கிறது. அதில் குதிப்பது இன்னும் மோசம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் சீட்டும் இடப்பக்கம்தான் சரியும், உடம்பும் அங்கேதான் போகும். மேட்டுப் பக்கம் ஏறிக் குதிக்க உடம்பு இடம் கொடுக்காது. குதித்தவர் போய் விழுவது இரண்டு டன் இரும்பு வந்து விழப்போகிற அதே இடத்தில். "குதித்துத் தப்பித்தவர் ஒருவரைத் தெரியும்" என்று யாராவது சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். தப்பிக்காதவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, டிராக்டர் ஏன் இவ்வளவு எளிதில் சாய்கிறது? நான்கு சக்கரம் இருப்பதால் கட்டில் மாதிரி நான்கு காலில் உறுதியாக நிற்கிறது என்று தோன்றும். உண்மையில் அது முக்காலி. மேடு பள்ளத்தில் முன்சக்கரங்கள் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக முன் அச்சை நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் ஊசலாட விட்டிருக்கிறார்கள். ஆக வண்டியைத் தாங்கும் புள்ளிகள் இரண்டு பின்சக்கரங்களும் முன்னால் உள்ள அந்த முளையும்தான். எடையின் மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும், வெளியே போன கணத்தில் சாயும். வயலில் இறங்கி வேலை செய்யத் தரையிலிருந்து உயரமாகக் கட்டிய வண்டி என்பதால் அந்த மையமும் காரில் இருப்பதைவிட உயரத்தில் இருக்கிறது. வெளியே போவதற்கு அதிகம் சாய வேண்டியதில்லை.

அந்த மையத்தை வெளியே தள்ளுகிற வேலைகளை நாம்தான் தினமும் செய்கிறோம். திருப்பத்தில் வேகம் இரண்டு மடங்கானால் வெளிப்பக்கம் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் அலுங்காமல் திரும்பிய வளைவு 20-ல் கவிழ்த்துவிடும் என்பது இதனால்தான். முன்லோடரின் வாளியை உயர்த்திக்கொண்டே நகர்ந்தால் எடை மொத்தமும் மேலே ஏறிவிடும். மருந்துத் தொட்டி பாதி நிரம்பியிருந்தால், சரிவில் தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கம் ஓடி வந்து இன்னும் அந்தப் பக்கமே அழுத்தும். அறுவடை இயந்திரத்தில் தானியத் தொட்டி நிரம்ப நிரம்ப வண்டியின் தலை கனக்கும். காலையில் காலித் தொட்டியோடு கடந்த அதே சரிவு மாலையில் வேறு சரிவு. மேல் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறுவதும் கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால் போதும், வழக்கமாகத் தாங்குகிற சரிவுகூடத் தாங்காது.

பின்பக்கமாகக் கவிழ்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும் வாய்ப்பு மிக அதிகம், ஆனால் அதன் காரணம் நம் கையிலேயே இருக்கிறது. இன்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது. சக்கரம் சுழல முடிந்தால் வண்டி முன்னே போகும். சக்கரம் சேற்றில் இறுகிவிட்டாலோ, வெளியே எடுக்கிறேன் என்று சக்கரத்தோடு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டினாலோ, சக்கரம் சுழலாது. ஆனால் இன்ஜின் விசை எங்காவது போயாக வேண்டும். அப்போது அச்சு நிற்க, அச்சைச் சுற்றி வண்டியே எழும்பத் தொடங்கும். சேற்றில் சிக்கினால் மெதுவாகப் பின்னோக்கி எடுக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

அப்புறம் கொக்கி மாட்டும் இடம். அடிமரம் பிடுங்க, சிக்கிய வண்டியை இழுக்க, பலரும் சங்கிலியை டாப் லிங்க் (பின்னால் கருவியை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டுகிற இடத்திலோ பின் அச்சைச் சுற்றியோ கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரத்தில் கட்டினால் நன்றாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை. பாரம் மாட்டுவதற்கென்றே பின்னால் உள்ள டிராபார் கம்பியைத் தாழ்வாக வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பக்கம் கொஞ்சம் தூக்கினால் டிராபார் இன்னும் தாழ்ந்து, பின்னால் சாய்க்கும் விசை குறைந்து, வண்டி தானே கீழே இறங்கும். உயரத்தில் கட்டிய சங்கிலிக்கு அந்தக் குணம் கிடையாது, இழுக்க இழுக்கப் பின்னால்தான் சாய்க்கும். எந்தப் பாரமானாலும் டிராபாரில் மட்டும்தான் மாட்ட வேண்டும். இந்த ஒரு விதிக்கு விலக்கு வைக்காதீர்கள்.

ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் மண் விட்டுக்கொடுக்கும். அன்றைக்கு இருக்க வேண்டியதுதான் கவிழ்வுக் காப்புச் சட்டகம். ரோப்ஸ் என்றும் ரோல் பார் என்றும் சொல்வது இதைத்தான். சீட்டுக்குப் பின்னால் இரண்டு தூணாக, சீட்டைச் சுற்றி நான்கு தூணாக, அல்லது மூடிய கேபினுக்குள் மறைந்த சட்டகமாக இருக்கும். இது வண்டி சாய்வதைத் தடுக்காது. சாய்ந்த வண்டி பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நின்றுவிடும்படி செய்யும். முழுக்கப் புரண்டாலும் ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கிற இடத்தை நசுங்காமல் வைத்திருக்கும்.

இதற்குச் சாட்சி ஸ்வீடன். 1959-ல் புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கிய நாடு அது. பிறகு படிப்படியாகப் பழைய வண்டிகளுக்கும் விரிவாக்கினார்கள். 1957-ல் ஒரு லட்சம் டிராக்டருக்கு 17 பேர் என்று இருந்த கவிழ்வு மரணம் 1990-ல் 0.3 ஆகக் குறைந்தது. ஸ்வீடனில் மலைச்சரிவு குறையவில்லை, ஓட்டுபவர்கள் திடீரென்று திறமைசாலிகளாகவும் மாறவில்லை. வண்டியில் சட்டகம் ஏறியது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஜான் டியர் நிறுவனம் 1966-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பணம் கட்டாமல் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு. அங்கே 1976 அக்டோபர் 25-க்குப் பிறகு தயாரான, 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டரைக் கூலியாள் ஓட்டினால் சட்டகம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் தன் நிலத்தில் தானே ஓட்டுபவரை அது தொடவில்லை. டிராக்டரோ நாற்பது வருடம் உழைக்கிற வண்டி. அதனால் விதி வந்த பிறகும் சட்டகம் இல்லாத பழைய வண்டிகள் குடும்ப நிலங்களில் ஓடிக்கொண்டே இருந்தன. உங்கள் அப்பாவின் வண்டி மாதிரி. பழைய வண்டிக்குச் சட்டகம் மாட்டும் செலவில் 70 சதவீதம் வரை திருப்பித் தரும் திட்டம் நியூயார்க் மாநிலத்தில் 2006-ல் தொடங்கியதும் இதற்காகத்தான்.

இப்போது பெல்ட். இங்கேதான் அதிகம் குழப்பம். சட்டகம் காப்பாற்றுவது ஓர் இடத்தை. அந்த இடத்தில் ஓட்டுபவர் இருந்தால்தான் பயன். பெல்ட் இல்லாமல் வண்டி சாய்ந்தால் உடம்பு சட்டகத்துக்கு வெளியே வீசப்படும். சில நேரம் அந்தச் சட்டகமே மேலே வந்து விழும். சட்டகமும் பெல்ட்டும் சேர்ந்து இருந்தால் கவிழ்வில் உயிர் போவதை 99 சதவீதம் தடுக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கு.

அதே நேரம் உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது. காப்பாற்றப்பட்ட இடமே இல்லாதபோது வண்டியோடு கட்டிப்போடுவதில் அர்த்தமில்லை. மடக்கும் வகைச் சட்டகம் மடங்கியிருக்கும்போதும் இப்படித்தான். ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு "பெல்ட் வேண்டாம்" என்பதல்ல, "சட்டகம் வேண்டும்" என்பது. சட்டகம் மாட்டிய நாளிலிருந்து பெல்ட்டும் போட வேண்டும், வண்டி சாய்ந்தால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். முப்பது வருடமாகக் குதிக்கவே மனதைத் தயார்படுத்தி வைத்தவருக்கு இந்த மாற்றம் கஷ்டமானது. நிறுத்திய வண்டியில் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டுப் பழக்குவது வீண் வேலை அல்ல.

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். நல்ல வெல்டர் கனமான குழாயில் மிக உறுதியாகச் செய்து கொடுப்பார், அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் அந்த உறுதியிலேயே இருக்கிறது. இந்தச் சட்டகம் இம்மியும் வளையாத தூணாக இருக்கக் கூடாது. விழும் வேகத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு ஓரளவுக்கு வளைய வேண்டும், ஆனால் ஓட்டுபவரின் இடத்துக்குள் வந்துவிடக் கூடாது. வளையவே வளையாவிட்டால் அந்த அடி முழுவதும் போல்ட்டுகளுக்கும் அச்சு உறைக்கும் போகும், அவை முறிந்தால் சட்டகம் மொத்தமாகப் பெயர்ந்துவிடும். அதிகம் வளைந்தால் தலை நசுங்கும். வெல்டிங் சூட்டில் இரும்பு முறுகிப்போயிருந்தால் வளையாமல் கண்ணாடி மாதிரி உடையும், குளிர் நாட்களில் இன்னும் சுலபமாக. எந்த இரும்பு, எவ்வளவு கனம், எந்தப் போல்ட் என்பதெல்லாம் அந்தந்த டிராக்டரின் எடையைப் பொறுத்தது. இதைச் சரிபார்க்கவே பல நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பின் டிராக்டர் சோதனை விதிகளும் சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 5700 தரமும் இருக்கின்றன. பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தள்ளி, மேலிருந்து நசுக்கி, ஓட்டுபவரின் இடம் தப்பிக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்கள். பட்டறையில் செய்ததைச் சோதித்துப் பார்க்கும் முதல் வாய்ப்பு விபத்து நாளன்றுதான் கிடைக்கும்.

ஆகவே அந்த மாடலுக்கென்றே சோதித்து வந்த சட்டகத்தைத்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு தகடு இருக்கும்: யார் செய்தது, எந்த டிராக்டருக்கு, எந்தத் தரத்தின்படி என்று. வாங்கிய பிறகு அதில் விளக்கு மாட்ட ஓட்டை போடுவது, வெல்டு வைப்பது, சங்கிலி கட்டி இழுப்பது எதுவும் கூடாது. ஒருமுறை கவிழ்ந்து வளைந்துவிட்டால் நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது, மாற்ற வேண்டும். வளைந்தபோதே அது தன் வேலையை முடித்துவிட்டது. இன்னொன்று, வெயிலுக்காக நான்கு மெல்லிய குழாயில் போட்ட கூரையைச் சட்டகம் என்று நினைத்துவிட வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் இருக்கும், விழும்போது அந்தக் கூரை தகரம் மாதிரி மடங்கிவிடும்.

தோட்டத்தில் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போகிறவர்களுக்காக மடக்கும் சட்டகம் வருகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் கிளைகளைத் தாண்டி வெளியே வந்ததும் நிமிர்த்தி, அதைப் பூட்டும் ஆணியைச் செருக வேண்டும். அது கனமாக இருக்கும், இறங்கி ஏற வேண்டும், இன்னும் அரை மணி வேலைதானே என்று தோன்றும். மடங்கிய சட்டகம் சட்டகமே இல்லை. உங்கள் நிலத்தில் மரங்கள் இல்லையென்றால் மடக்காத வகையை வாங்குங்கள், அந்தத் தடுமாற்றத்துக்கே இடம் வேண்டாம்.

சட்டகம் வந்து சேரும்வரை வேலை நிற்காது, தெரியும். வாய்க்கால் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து தள்ளி ஓட்ட வேண்டும். இரண்டு மீட்டர் ஆழம் என்றால் இரண்டு மீட்டர், மழை பெய்து மண் ஊறியிருந்தால் இன்னும் தள்ளி. கரை மேலே உறுதியாகத் தெரியும், உள்ளே வெட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தூரத்தில் ஒரு கழி நட்டு வையுங்கள், உழவு மும்முரத்தில் கண் அளவு ஏமாற்றும். பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை வேலைக்கு ஏற்ற அளவில் எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டுங்கள். சரிவில் முடிந்தவரை ஏறி இறங்கும் திசையில் ஓட்டுவது, குறுக்கே போக வேண்டியிருந்தால் மெதுவாகப் போவது, சாய்கிற மாதிரி தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்புவது. மேட்டுப் பக்கம் திருப்பத்தான் மனம் சொல்லும், அதுவே கவிழ்த்துவிடும். கலப்பையோ வேறு கனமான கருவியோ பின்னால் தூக்கிய நிலையில் செங்குத்தாக ஏற வேண்டியிருந்தால் பின்னோக்கி ஏறுங்கள், முன்னோக்கி இறங்குங்கள், கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்கும்.

இறக்கத்தில் கிளட்சை மிதித்து உருள விடவே கூடாது. தாழ்ந்த கியரை மேட்டிலேயே போட்டுவிட வேண்டும், பாதி வழியில் மாற்றக் கூடாது. சாலையில் ஏறும் முன் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். வேகத்தில் ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று சாயும். மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் கட்டாயம் கூடாது. சட்டகம் காப்பது ஒரே ஒரு சீட்டை.

விபத்து நடந்துவிட்டால், அங்கே ஓடி வருகிறவர்கள் முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும், எரிபொருள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், உடனே மீட்புப் படையை அழைக்க வேண்டும். பதற்றத்தில் இன்னொரு டிராக்டரால் இழுத்துத் தூக்கப் பார்த்தால் வண்டி உருண்டு, அடியில் இருப்பவருக்கு இரண்டாவது அடி விழும். நகராதபடி முட்டுக்கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும். தனியாக வயலுக்குப் போகும் அப்பா எங்கே வேலை செய்கிறார், எப்போது திரும்புவார் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். போனை வண்டியின் பெட்டியில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் நான்கு சக்கர மோட்டார் பைக் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் விற்கிற புதிய வேளாண் வகைகளில் பின்னால் ஒரு காப்பு வளைவு பொருத்தியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்து ஓட்டுவதால் பெல்ட் முறை பொருந்தாது. விழுந்த பிறகு வண்டியின் எடை ஆள்மேல் முழுதாக இறங்காமல் இடைவெளி கொடுப்பதே அந்த வளைவின் வேலை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. வண்டியின் மாடலையும் தயாரித்த ஆண்டையும் தகட்டிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். பின் அச்சு உறையில் சட்டகம் மாட்டும் போல்ட் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பாருங்கள், பல பழைய வண்டிகளில் இருக்கும். இரண்டையும் சொல்லி, அந்த மாடலுக்குச் சோதித்த சட்டகமும் பெல்ட்டும் அதற்கான சீட்டும் சேர்த்துக் கிடைக்குமா என்று தயாரிப்பாளரின் முகவரிடம் கேளுங்கள். அந்த மாடலுக்குச் சட்டகமே வரவில்லை என்று பதில் வந்தால், வாய்க்கால் ஓரத்தையும் சரிவையும் சட்டகம் உள்ள வேறு வண்டிக்கு வாடகையாவது கொடுத்து விட்டுவிடுங்கள். அப்பாவின் வண்டி சமதரையில் மருந்துத் தொட்டி நிரப்பவும் பம்பு ஓட்டவும் இன்னும் பத்து வருடம் உழைக்கட்டும்.